ஆன்லைனில் மட்டுமே வேலை பார்க்கிறேன்; நான் ஆலோசகர்தானா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சுருக்கிச் சொல்கிறேன். கவுன்சிலிங்கில் முதுகலை முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு ஆப் வழியாக மட்டும் வேலை செய்கிறீர்கள். பாதி வீடியோ, பாதி சாட். சக ஆலோசகர் ஒருவரைக்கூட நேரில் சந்தித்ததில்லை. என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஆலோசகர் என்று சொல்ல வாய் வரவில்லை. வாடிக்கையாளர் சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது என்கிறீர்கள். கடைசியில், ஆன்லைன் கவுன்சிலிங் உண்மையான கவுன்சிலிங்தானா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அதற்கு மட்டும் பதில் சொன்னால் உங்கள் தயக்கம் தீராது. நான் ஆலோசகர் என்பதை எனக்கு யார் சொல்வார்கள், எதை வைத்துச் சொல்வார்கள் என்பதே நீங்கள் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். நான் பல வருடம் நேரிலும் பிறகு பெரும்பாலும் திரை வழியாகவும் வேலை பார்த்தவள். இப்போது இளைய ஆலோசகர்களுக்கு சூப்பர்விஷன் கொடுப்பதுதான், அதாவது அவர்கள் வேலையைப் பார்த்து, கேள்வி கேட்டு, வழிநடத்துவதுதான், என் முக்கிய வேலை. அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எழுதிய கேள்வியை முடித்துவிடலாம். மனச்சோர்வு, பதற்றக் கோளாறுகள், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு போன்றவற்றில், வீடியோ வழியாகத் தரும் சிகிச்சை நேரில் தருவதற்கு ஏறக்குறைய இணையான பலன் தருகிறது என்று சொல்லப் போதுமான ஆய்வுகள் இருக்கின்றன. 2018ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஆலோசகருக்கும் உதவி தேடி வருபவருக்கும் இடையிலான பிணைப்பு வீடியோவில் சற்றுக் குறைவு என்றும், அறிகுறிகள் குறைவதில் பின்தங்கல் இல்லை என்றும் கண்டது. அதில் சேர்த்துக்கொண்ட ஆய்வுகள் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பிடித்தது 2005ல் வெளியான இன்னொரு ஆய்வு. உளவியலாளர்களுக்கு ஒரே சிகிச்சை உரையாடலைக் காட்டினார்கள்: சிலருக்கு நேரில் நடப்பதாக, சிலருக்கு வீடியோவில் நடப்பதாக. பேசிய பேச்சு ஒன்றேதான். வீடியோவில் நடப்பதாகப் பார்த்தவர்கள் பிணைப்புக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். ஆகவே சந்தேகத்தில் ஒரு பங்கு நம் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

எழுத்தில் மட்டும் நடக்கும் வேலையைப் பற்றி அதே உறுதியோடு நான் பேச மாட்டேன். வாரவாரியாகப் பாடங்கள், பயிற்சிகள் என்று வகுத்த இணைய சிகிச்சை, ஒரு மனிதர் கூடவே வழிநடத்தினால் நன்றாக வேலை செய்கிறது. ஆளே இல்லாமல் விட்டால் பாதியில் நிறுத்துபவர்கள் கூடுகிறார்கள். இதெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஆப்களில் நடப்பது பெரும்பாலும் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் சாட். அது வேறு சரக்கு. முன்னதற்கான ஆதாரத்தை எடுத்துப் பின்னதற்கு விளம்பரம் செய்வது நேர்மையில்லை. உங்கள் ஆப்பின் முகப்பில் அப்படி ஏதாவது எழுதியிருந்தால் ஒருமுறை கவனமாகப் படித்துப் பாருங்கள்.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். ஆலோசகர்கள் எப்படி ஆலோசகர்களாக வளர்கிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்களில் ஸ்கோவ்ஹோல்ட், ரோனஸ்டாட் இருவரும் முக்கியமானவர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் 100 ஆலோசகர்களையும் சிகிச்சையாளர்களையும் பேட்டி கண்டு, 1992ல் அதை வெளியிட்டார்கள். மாணவர் முதல் முப்பது நாற்பது வருட அனுபவம் உள்ளவர் வரை அதில் இருந்தார்கள். பின்னர் 2010ல் கிப்சன், டாலர்ஹைட், மாஸ் என்ற மூவர் பயிற்சி மாணவர்களிடம் இதையே கேட்டார்கள். இரண்டிலும் திரும்பத் திரும்ப வருவது ஒரு நகர்வு. ஆரம்பத்தில் நாம் ஆசிரியர், புத்தகம், மூத்தவர் என்று வெளியிலிருந்து வரும் அங்கீகாரத்தில் நிற்கிறோம்; மெல்ல மெல்ல நம் சொந்த மதிப்பீட்டில் நிற்கப் பழகுகிறோம். இதைப் படிக்கும் பலர் சொந்த மதிப்பீடு என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள், "உன்னை நீ நம்பு" என்கிற மாதிரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீண்ட காலம் வெளியிலிருந்து ஒருவர் நம் வேலையைப் பார்த்து, சரி, இல்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தால்தான் அந்தக் குரல் உள்ளே போய் உட்காரும். யாருமே கேட்காத இடத்தில் உள்ளே போய் உட்கார எதுவும் இருக்காது.

நேரில் பயிற்சி பெற்ற என் தலைமுறைக்கு இதில் பாதி தானாகவே நடந்தது. அதற்காக நாங்கள் பெருமைப்பட ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் ஒரு மூத்தவர் கடினமான அமர்வை முடித்துவிட்டு வந்து, கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் நிற்பதைப் பார்ப்போம். அவர் ஒரு மனநல மருத்துவரிடம் போனில் பேசும் தொனி, வருபவரின் உறவினர் வந்து விவரம் கேட்டால் மரியாதையாகவே மறுக்கும் விதம், குறிப்பில் எதை எழுதி எதை விடுகிறார் என்பது, எல்லாம் கண்ணிலும் காதிலும் விழுந்துகொண்டே இருக்கும். அறைக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டு நாற்காலி, மூடிய கதவு, தொடங்கும் நேரம், முடியும் நேரம். உள்ளே எவ்வளவு நடுக்கம் இருந்தாலும் அந்த ஏற்பாடு புதியவரை ஆலோசகராகக் காட்டியது, வருபவர் நம்பினார், அவர் நம்பியதைப் பார்த்து நாங்களும் கொஞ்சம் நம்பினோம். உங்களுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. அப்புறம், சேவை மையம் போல இருக்கிறது என்று தோன்றாமல் எப்படி இருக்கும்? உங்கள் மனதின் பலவீனமாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை அமைந்திருக்கும் விதத்தை நீங்கள் சரியாகவே கவனித்திருக்கிறீர்கள்.

தூரம்தான் காரணம் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். 1953ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசி எண்ணை வைத்து சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் சிகிச்சை தருவதில்லை, தன்னார்வலர்கள் கேட்கிறார்கள்; ஆனால் முகம் தெரியாத ஒருவரோடு தூரத்திலிருந்து இருப்பது என்றால் என்ன என்பதை அவர்களைவிட நீண்ட காலம் பழகியவர்கள் குறைவு. கவனித்தீர்களானால், அழைப்பவர்தான் அங்கே தூரத்தில் இருந்தார். கேட்பவர்கள் காலம்காலமாகக் கிளைகளில் ஒன்றாக உட்கார்ந்து ஷிப்ட் பார்த்தார்கள்; கனமான அழைப்பு முடிந்ததும் பேச ஆள் இருந்தது. உங்கள் விஷயத்தில் அந்த இரண்டாவது பாதிதான் காணாமல் போயிருக்கிறது. வருபவர் திரையில் இருப்பதைவிட, உங்கள் தொழில்காரர்கள் யாரும் உங்கள் பக்கத்தில் இல்லாததுதான் அதிகம் அரிக்கிறது.

அந்தக் காலி இடத்தில் ஆப் தன் சொந்த மதிப்பெண்களைக் கொண்டுவந்து வைக்கிறது: நட்சத்திரங்கள், பதில் அனுப்ப எடுத்த நேரம், எத்தனை பேர் சந்தாவைத் தொடர்ந்தார்கள். இவை பொய் என்று சொல்லவில்லை. பதிலுக்காக ஒருவரை இரண்டு நாள் காக்க வைப்பது தவறுதான். ஆனால் நட்சத்திரம் அளப்பது உரையாடல் முடிந்த கையோடு வருபவருக்கு எப்படி இருந்தது என்பதை. பலரைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒருவர் தினமும் இரவு தன் மனைவியோடு நடந்த சண்டையை எழுதுகிறார். ஆலோசகர் பரிவோடு பதில் எழுதுகிறார், வாரக்கணக்கில், ஐந்து நட்சத்திரம். ஒருநாள் ஆலோசகர், சண்டை நடந்த இரவுகளில் எல்லாம் நீங்கள் குடித்திருந்தீர்களா என்று கேட்கிறார். அடுத்த பதில் வர மூன்று நாள் ஆகிறது, நட்சத்திரம் இரண்டுக்கு இறங்குகிறது. ஆப்பின் கணக்கில் அது சரிவு. அந்த உரையாடலை முழுதாகப் படிக்கும் ஒரு சூப்பர்வைசருக்கோ, அந்தக் கேள்வியில்தான் கவுன்சிலிங் தொடங்குகிறது. இன்னும் முன்பே கேட்டிருக்கலாமா, கேட்ட விதத்தை மாற்றியிருக்கலாமா என்று பேச விஷயமும் கிடைக்கிறது. ஒரே செயலுக்கு இரண்டு தீர்ப்பு. இதில் எந்தத் தீர்ப்பு உங்களை வந்தடைகிறது என்பதைப் பொறுத்து நீங்கள் யாராக வளர்கிறீர்கள் என்பது மாறும். நட்சத்திரம் மட்டும் வந்தடைந்தால், கேட்க வேண்டியதைக் கேட்காத, இனிமையான ஒருவராக ஆவீர்கள். அதுவும் நீங்கள் அறியாமலே நடக்கும்.

ஆகவே நான் முதலில் செய்யச் சொல்வது: இந்த வேலையில் நீங்கள் எடுக்கும் முடிவுகளை ஒரு வாரம் எழுதி வையுங்கள். யாரை யாரோடு இணைப்பது, எவ்வளவு கட்டணம், எத்தனை நிமிடம் என்பதை ஆப் தீர்மானித்துவிடுகிறது. சில இடங்களில் முதல் வரவேற்பு வாசகம்கூடத் தயாராக வருகிறது. மீதி என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். இவருக்கு ஆன்லைன் பொருத்தமா என்பது உங்கள் முடிவு. அடிக்கும் கணவர் அடுத்த அறையில் இருக்கும் பெண்ணிடம் வீடியோவில் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பது உங்கள் முடிவு. இல்லாத குரல்கள் கேட்கிறது என்பவரைச் சாட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் அனுப்புவது, இரவு இரண்டு மணிச் செய்திக்கு உடனே பதில் எழுதுவதா காலையில் எழுதுவதா என்பது, எழுதினால் அது அவருக்குப் பலமா அல்லது பழக்கமா என்பது, எல்லாமே உங்களுடையவை. சேவை மையத்தில் இருப்பவர் எழுதி வைத்த வழிமுறையைப் பின்பற்றினாரா என்றுதான் பார்ப்பார்கள். உங்களிடம் ஏன் அந்த முடிவு என்று கேட்கலாம். நீங்கள் தொழில் முறைக் காரணம் சொல்ல வேண்டும். அடையாளம் என்று நாம் பேசுவது கடைசியில் இந்தப் பதில் சொல்லும் கடமைதான் என்பது என் தீர்மானமான கருத்து.

இதில் ஆன்லைனுக்கே உரிய கைத்திறன் நிறைய இருக்கிறது. அதைக் குறைந்த சரக்காக நினைக்காதீர்கள். முதல் அமர்வில் நான்கு விஷயம் தெரியாமல் உள்ளே போகக்கூடாது என்று நான் பயிற்சி கொடுப்பவர்களிடம் கறாராகச் சொல்வேன்: அவர் இந்த நிமிடம் எந்த முகவரியில் இருக்கிறார், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடலாம், இணைப்பு அறுந்தால் யார் யாரை எப்படித் தொடர்புகொள்வது, பேசுவது வேறு யார் காதிலாவது விழுமா. முகவரியை ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், ஏனென்றால் மக்கள் காரிலிருந்தும் அலுவலகப் படிக்கட்டிலிருந்தும் பேசுகிறார்கள். அவர் வேறு ஊரில் அல்லது வேறு நாட்டில் இருந்தால் உங்கள் ஊர் அவசர எண் அவருக்கு உதவாது. பல இடங்களில் உரிம விதிகள் வருபவர் இருக்கும் இடத்தைப் பொறுத்தே செல்லும். உங்கள் பகுதிக்கான விதியை உங்கள் தொழில் அமைப்பிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆப் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்க ஆலோசகர் சங்கம் 2014ல் தன் நெறிமுறைகளைத் திருத்தியபோது தொலைதூரக் கவுன்சிலிங், தொழில்நுட்பம், சமூக ஊடகம் ஆகியவற்றுக்கென்றே ஒரு தனிப் பகுதி சேர்த்தது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதைப் படிப்பது வீண்போகாது.

இன்னொரு திறன் வேகத்தைக் குறைப்பது. உளவியலாளர் ஜான் சூலர் 2004ல் எழுதியது போல, திரைக்குப் பின்னால் மக்களின் தடைகள் தளர்கின்றன. அதனால் நல்லதும் நடக்கிறது, கெட்டதும் நடக்கிறது. யாரிடமும் சொல்லாததை முதல் பத்து நிமிடத்தில் எழுதிக் கொட்டிவிட்டு, மறுநாள் வெட்கத்தில் கணக்கையே அழித்துவிட்டுப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நேரில் வேலை பார்க்கும் மூத்தவர்கள் பலர் பேச வைக்கக் கற்றவர்கள். அதிகம் பேசிவிடாமல், நாளைக்கும் திரும்பி வரும்படி நிதானப்படுத்துவது உங்கள் தளத்தில் கற்க வேண்டிய கலை. மௌனமும் அப்படித்தான். வீடியோவில் ஏழெட்டு நொடி மௌனம் வந்தால் இணைப்பு உறைந்துவிட்டதா என்று இருவருக்கும் சந்தேகம் வரும். "நான் இங்கேதான் இருக்கிறேன், அவசரமில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மௌனத்தைத் தொடரலாம். அப்புறம், உங்கள் சொந்த முகம் தெரியும் சின்னப் பெட்டியை மறைத்துவிடுங்கள். வீடியோ சந்திப்புகள் ஏன் களைப்படைய வைக்கின்றன என்று 2021ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ஜெரமி பெய்லன்சன் சொன்ன நான்கு காரணங்களில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒன்று. ஆலோசகருக்கு அதில் கூடுதல் கேடு உண்டு: பரிவாக இருப்பதற்குப் பதில், பரிவாகத் தெரிகிறோமா என்று பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

சாட்டில் வருபவர்கள் "நீங்கள் மனிதரா, மெஷினா?" என்று கேட்கிறார்கள், அது உங்களை மிகவும் சுடுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கேள்வி புதியதில்லை. 1966லேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாக்கும் அளவுக்குத்தான் அதற்குத் தெரியும். அதனிடமே மக்கள் மனம்விட்டுப் பேசியது அவரைக் கலங்கடித்தது. எனவே வருபவர் மனம்விட்டுப் பேசினார் என்பதை மட்டும் உங்கள் தொழிலுக்குச் சான்றாக வைக்காதீர்கள். அதை எலிசாவும் சாதித்தது. கேட்பவருக்கு நேரடியாகவே பதில் சொல்லுங்கள்: மனிதர்தான், இன்ன தகுதி பெற்றவர், நான் தவறினால் புகார் செய்ய இன்ன இடம் இருக்கிறது. இந்தக் கடைசிப் பகுதியைச் சொல்லும்போது உங்கள் குரலே மாறுவதைக் கவனிப்பீர்கள். தயார் வாசகங்களை அப்படியே ஒட்டி அனுப்பும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். சந்தேகத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

சூப்பர்விஷன் என்றால் மாதம் ஒருமுறை யாரிடமாவது நடந்ததைக் கதையாகச் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். கதையில் நாம் எப்போதும் நன்றாகவே இருப்போம். உங்கள் வேலையை உள்ளபடி பார்க்கும் ஒருவர் வேண்டும். இங்கே உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, எங்களுக்கு அது இல்லாமலிருந்தது: எழுத்து உரையாடலில் ஒவ்வொரு சொல்லும் அப்படியே கிடக்கிறது. வருபவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தோடு, பெயரும் அடையாளமும் நீக்கி, ஆப்பின் விதிகளும் சட்டமும் அனுமதிக்கும் அளவில், ஒரு பகுதியை சூப்பர்வைசரோடு வரி வரியாகப் படியுங்கள். எந்த இடத்தில் அவர் கேட்காத கேள்விக்கு நீங்கள் பதில் எழுதினீர்கள், எங்கே அவசரப்பட்டு ஆறுதல் சொன்னீர்கள் என்பது பளிச்சென்று தெரியும். முதல் சில முறை கூசும். கூடவே சம அனுபவம் உள்ள நான்கைந்து பேரோடு ஒரு குழுவும் தேவை. அதே ஆப்பில் இருப்பவர்கள் மட்டுமாக இருந்தால் பேச்சு சம்பளத்தையும் மென்பொருளையும் சுற்றியே போகும். மருத்துவமனையில் இருப்பவர், பள்ளியில் இருப்பவர், சொந்தமாகத் தொழில் நடத்துபவர் என்று கலந்திருந்தால் நல்லது. குழு ஆன்லைனில் கூடினாலும் பரவாயில்லை. நிலையான ஆட்கள், நிலையான நாள் என்பதுதான் முக்கியம்.

ஆன்லைனில் மட்டுமே பயிற்சி பெற்று வளர்ந்தவர் முழுமையான ஆலோசகர் ஆக முடியுமா என்பதில் என் பதில் முடியும் என்பதே. ஆனால் இதை நான் சூப்பர்வைஸ் செய்த சிலரைப் பார்த்துச் சொல்கிறேன், ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாய்ப்பிருந்தால் ஏதாவது ஒரு நிறுவனத்தில் சில மாதம் பகுதி நேரமாக நேரில் வேலை பாருங்கள் என்றும் சொல்வேன். நேரில் நடப்பது உயர்ந்தது என்பதற்காக இல்லை. உங்கள் வேலையில் எது தொழில், எது ஆப் என்று பிரித்துப் பார்க்க வேறொரு இடம் தெரிந்திருப்பது உதவும். குழந்தைகள், தம்பதிகளோடு ஆன்லைனில் வேலை செய்வது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. என் அனுபவம் பெரியவர்களோடு தனித்தனியாகச் செய்தது. அதை அங்கே நீட்ட முடியாது.

சமூக ஊடகத்தில் ஆலோசகர் என்று பக்கம் தொடங்கினால் அடையாளம் உறுதிப்படுமா என்றும் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அங்கேயும் கிடைப்பது நட்சத்திரத்தின் இன்னொரு வடிவம்தான். வருபவர் உங்கள் பெயரைத் தேடுவார் என்பதை மட்டும் மனதில் வைத்து, தேடினால் என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்பை விட்டுவிடலாமா என்பது உங்கள் பொருளாதார நிலையையும் பொறுத்தது. அதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு: சூப்பர்விஷனுக்கு நேரமோ பணமோ ஒதுக்குகிறார்களா, உரையாடல்களை யார் படிக்க முடியும், தற்கொலை அபாயம் என்று தெரிந்தால் வருபவரின் தொடர்பு விவரம் உங்களுக்குக் கிடைக்குமா, ஒருவரை ஏற்க மறுத்தாலோ வேறிடம் அனுப்பினாலோ உங்கள் மதிப்பெண் குறையுமா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அல்லது பதிலே வராவிட்டால், வேறு இடம் தேடத் தொடங்குங்கள். அதுவரை வரும் சம்பளத்தில் ஒரு பகுதியை வெளியிலிருந்து ஒரு சூப்பர்வைசருக்கு ஒதுக்கி வையுங்கள்.